மெர்வ் டாங்கின் வண்டியை நிறுத்திய இடம்

மெர்வ் டாங்கினுக்கு வேடிக்கை பார்ப்பது என்றாலே ஆகாது. மர்ரே ஆற்றங்கரையில் பிறந்து, அடிலெய்டுக்கும் சிட்னிக்கும் நடுவே லாரி ஓட்டியே எழுபது வயதைத் தொட்டவர். அந்த நெடுஞ்சாலையில் எந்தத் திருப்பத்தில் எந்த நேரம் கங்காரு குறுக்கே பாயும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் வழியில் இருக்கும் ஓர் ஊரைச் சொல்லி, அங்கே என்ன விசேஷம் என்று கேட்டால், "டீசல் கிடைக்கும்" என்பார். அதற்கு மேல் ஓர் ஊரில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

எங்கள் பக்கத்து ஊர்களின் கட்சி வேறு. மழை பொய்த்து, ரயில் நின்று, வங்கியும் கதவை மூடிக்கொண்டு போய்விட்டால், ஊர்க்காரர்கள் மன்றத்தில் கூடி, கேக் தின்றபடி யோசித்து, சிமெண்டில் எதையாவது ராட்சதமாகக் கட்டிச் சாலையோரம் நிறுத்திவிடுவார்கள். ஆரஞ்சு விளைகிற ஊர் என்றால் வீட்டு உயரத்துக்கு ஓர் ஆரஞ்சு. ஆடு மேய்கிற ஊர் என்றால் மாதா கோவில் உயரத்துக்கு ஒரு கிடா. அந்த வழியாகப் போகிறவர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள், கழிப்பறைக்குப் போவார்கள், பேக்கரியில் எதையாவது வாங்கித் தின்பார்கள். ஊர் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு கிடக்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மெர்வுக்குச் சிரிப்பு வரும்.

தனியாகச் சிரித்தாலும் பரவாயில்லை. லாரிக்காரர்கள் எல்லோரும் வண்டி ரேடியோவில் நாற்பதாம் சேனலில்தான் இருப்பார்கள். போலீஸ் எங்கே ஒளிந்து நிற்கிறது, எங்கே சாலை வெட்டிப் போட்டிருக்கிறது, யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் அதில் ஓடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் கிழவன் கிழவிகளுக்கு 'நத்தை' என்று பேர் வைத்ததே மெர்வ்தான். "எனக்கு முன்னாடி ஒரு நத்தை போகுதுப்பா. பொண்டாட்டி மடியில மேப்பு, புருஷன் கண்ணுல தூக்கம்" என்று அவர் ஆரம்பித்தால் முன்னாலும் பின்னாலும் போகிற லாரிகளிலிருந்து சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே அவர் இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்வார்.

அதைக் கேட்டவர்களில் அவர் மனைவி க்ளெனிஸும் உண்டு. அவர்கள் வீடு நெடுஞ்சாலைச் சரிவின் அடியில் இருந்தது. சமையலறை ஜன்னலோரம் ஒரு ரேடியோவை வாங்கி வைத்து, பகலெல்லாம் நாற்பதிலேயே விட்டிருப்பாள். லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது மெர்வின் குரல் அதில் வந்துவிடும். உடனே மைக்கை எடுத்து, "தண்ணி வச்சாச்சு, மெர்வ்" என்பாள். டீக்குத்தான். மெர்வ் வாய் திறந்து பதில் சொல்ல மாட்டார். 'வர்றேன் கண்ணு' என்று சொல்லித் தொலைத்தால் அடுத்த ஊர் வரைக்கும் மற்றவர்கள் அவரை ஓட்டிக்கொண்டே வருவார்களே. மைக்கின் பொத்தானை இரண்டு தரம் அமுக்குவார். டக், டக். கேட்டேன் என்று அர்த்தம். லாரி வாசலில் நிற்கும், டீயைக் குடிப்பார், கிளம்பிவிடுவார். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் பாதி இப்படித்தான் நடந்தது.

லீவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினாலும் அதே ஓட்டம்தான். கிறிஸ்துமஸுக்கு க்ளெனிஸின் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், வழியில் காரபி என்கிற ஊரில் ஒரு ராட்சத வெங்காயம் இருக்கும். மகள் லீயன் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு தடவை, அதைப் பார்க்க வேண்டும் என்று அழுது கார் கூரையே பறந்துபோகிற மாதிரி கத்தினாள். "என்ன பெரிய வெங்காயம்" என்று சொல்லிவிட்டு மெர்வ் ஆக்சிலேட்டரை மிதித்தார். க்ளெனிஸ் திரும்பி, பின் கண்ணாடி வழியாக அது சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். "திரும்பி வர்றப்ப நிறுத்தறேன்" என்றார் மெர்வ். திரும்பி வரும்போது நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் நிறுத்தவில்லை.

கண்ணில் கோளாறு வந்து, லாரி ஓட்டும் லைசென்ஸை டாக்டர் பிடுங்கிக்கொண்டார்; கார் மட்டும் ஓட்டலாம் என்றார். மெர்வ் ஒரு மாதம் வாசற்படியில் உட்கார்ந்து, போகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் பார்த்தால் முற்றத்தில் ஒரு பழைய கேரவன் நின்றது. க்ளெனிஸ் வாங்கியிருந்தாள்.

"இது எதுக்கு?" என்றார் மெர்வ்.

"இத்தனை வருஷமா எல்லாத்தையும் பின்னால போறப்பதான் பாத்திருக்கேன். இனிமே முன்னால நின்னு பாக்கணும்" என்றாள்.

தான் பேர் வைத்த நத்தையாகத் தானே ஆகிப்போனோமே என்பதுதான் அவர் மனதில் ஓடியது. கேரவனைக் காரில் மாட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அக்கா வீட்டை நோக்கித்தான் முதல் பயணம். க்ளெனிஸ் ஊதா நிறத்தில் ஒரு பெரிய தொப்பி வாங்கியிருந்தாள். எதைப் பார்த்தாலும் "நிறுத்து" என்றாள். பழைய ரயில் நிலையம் ஒன்று, நிறுத்து. கோதுமைக் கிடங்கின் உருளைச் சுவர் முழுக்க யாரோ ஓவியம் வரைந்திருந்தார்கள், நிறுத்து. எந்தப் பேக்கரியைக் கண்டாலும் இறங்கி, வெனிலா ஸ்லைஸ் என்கிற கிரீம் பலகாரம் ஒன்று வாங்கி, "இது போன ஊரு மாதிரி வரல, மேல இருக்கிற ஐஸிங் பல்லுல ஒட்டுது" என்று தீர்ப்புச் சொன்னாள். மெர்வ் எங்கேயும் இறங்கவில்லை. தன் தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் சரிந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் லாரி சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் சரிவார். க்ளெனிஸ் திரும்பி வந்து, உள்ளே என்னென்ன இருந்தது, கழிப்பறை எவ்வளவு சுத்தம், அதைக் கழுவுகிற அம்மாவின் மகன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்று ஒன்று விடாமல் சொல்வாள். அவருக்கும் சேர்த்து அவளே பார்த்தாள்.

புல்லாண்ட்ரா என்கிற ஊரில் ராட்சதக் கோழி. கீழே கூடு மாதிரி கட்டி, அதில் மூன்று சிமெண்ட் முட்டைகள். முட்டைமேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். நிறுத்துமிடம் சின்னது. கேரவனைப் பின்னால் தள்ளித்தான் நுழைக்க முடியும்.

இதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. க்ளெனிஸ் கைரேடியோவை எடுத்துக்கொண்டு இறங்கி, கேரவனுக்குப் பின்னால் போய் நின்று வழி சொல்வாள். மெர்வ் வண்டி ரேடியோவில் கேட்டுக்கொண்டே பின்னால் தள்ளுவார். "பதினெட்டுல பேசு. நாப்பதுல வேணாம். நம்ம பசங்க காதுல விழுந்தா மானம் போயிடும்" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். அவளும் கேரவன்காரர்கள் பேசும் பதினெட்டாம் சேனலில்தான் பேசினாள்.

"இடது, இடது... இன்னும் கொஞ்சம்... போதும். நில்லு, கோழிய இடிச்சுடாத."

வண்டி நின்றது. க்ளெனிஸ் கைரேடியோவைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோழியைப் பார்க்க நடந்தாள். போடுவதற்கு முன் கை தன்பாட்டில் அதை நாற்பதுக்குத் திருப்பியது. முப்பது வருஷத்துப் பழக்கம். அதை மெர்வ் பார்த்தார். பார்த்தும் மனதில் வாங்கவில்லை.

அவரும் வண்டி ரேடியோவை நாற்பதுக்கு மாற்றினார். சும்மா கேட்கத்தான். யாரோ டயர் வெடித்ததைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு குரல் வந்தது. ஊமையன்.

லாயிட் ஷூல்ட்ஸ் என்பது அவன் சொந்தப் பேர். தூங்கும்போதுகூட வாய் மூடாதவன் என்பதால் சாலையில் எல்லோருக்கும் அவன் ஊமையன். மெர்வைவிட இளையவன், இவரிடம்தான் தொழில் பழகினான். மெர்வ் வீட்டுச் சமையலறையில் எத்தனையோ தடவை உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். அந்தக் குரலைக் கேட்டதும் மெர்வின் கை மைக்கை எடுத்துவிட்டது.

"டேய் ஊமையா, இன்னும் வாய் ஓயலையா உனக்கு?"

"யாரு? மெர்வா! அட கிழட்டு நாயே, நீ செத்துட்டேன்னு நெனச்சேன்! எங்க இருக்க?"

'கோழிக்குப் பக்கத்தில், கேரவனோடு' என்று சொல்ல வேண்டியதுதானே. சொன்னால் என்ன, தலையா போய்விடும்?

"தெரிஞ்சவன் ஒருத்தனுக்கு ஒரு லோடு எடுத்துட்டுப் போறேன். சும்மா ஒத்தாசைக்கு" என்றார்.

"கண்ணு சரியாயிடுச்சா? சபாஷ். இங்க ரோடு பூரா உன் நத்தைங்கதான், மெர்வ். ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு ஊர்ந்து போகுதுங்க."

"அத ஏன் கேக்கற. நான் இப்ப ஓரமா நிறுத்தி டீ குடிச்சிட்டிருக்கேன். எதுத்தாப்புல ஒண்ணு நிக்குது. ஊதாத் தொப்பி போட்ட கிழவி ஒருத்தி, கோழிக்கு அடியில அடைகாக்க உக்காந்திருக்கா."

ஊமையன் சிரித்தான். இன்னும் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். வெகுநாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்ட மாதிரி இருந்தது மெர்வுக்கு.

"புருஷன்காரன் எங்க?"

"வண்டிக்குள்ள கட்டிப் போட்ட நாய் மாதிரி கெடக்கான், பாவம். நானா இருந்தா அவளை அந்தக் கூட்டுலயே விட்டுட்டு நடையைக் கட்டியிருப்பேன். நாலு நாள்ல பொரிச்சிருப்பா."

சிரிப்பு அலையலையாக வந்தது. அது அடங்கியதும் ஊமையன் கேட்டான்: "க்ளெனிஸ் எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, வீட்ல இருக்கா. தண்ணி வச்சிக்கிட்டுக் காத்துட்டிருப்பா" என்றார் மெர்வ்.

"நீ குடுத்து வச்சவன்பா" என்றான் ஊமையன். "நானும் உன் பக்கந்தான் வர்றேன். இப்பதான் புல்லாண்ட்ராவுக்குள்ள நுழையறேன்."

மெர்வ் நிமிர்ந்து பார்த்தார். பச்சை லாரி ஊர் எல்லைப் பலகையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. காரின் தரையில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி குனிந்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோனார். எழுபது வயது மனிதர், முழங்கால் வலியோடு, காருக்குள் மடிந்து கிடந்தார். லாரி நெருங்கும் சத்தம் கேட்டது. ஹார்ன் ஒரு தடவை நீளமாக அடித்தது. அப்புறம் கடந்து போனது. கண்ணாடி விளிம்பு வழியாக அவர் பார்த்தபோது, க்ளெனிஸ் முட்டைமேல் உட்கார்ந்தபடி, போகிற லாரியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவில் ஊமையனின் குரல் வந்தது. "சரி மெர்வ். பாத்துப் போ." அவ்வளவுதான் பேசினான்.

க்ளெனிஸ் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து கைரேடியோவை எடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடத்தில் மெதுவாக வைத்தாள். அதில் சின்ன விளக்கு எரிந்தது. பக்கத்தில் எண் தெரிந்தது. நாற்பது.

மெர்வ் அந்த எண்ணையே பார்த்தார். காது இரண்டும் சுட்டன.

"போலாம்" என்றாள் க்ளெனிஸ்.

அவர் வண்டி ரேடியோவை அணைத்தார். சாவியைத் திருப்பினார்.

கோழியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரைப் பார்த்தாள், யார் மகன் எங்கே வேலை பார்க்கிறான், எதுவும் இல்லை. அடுத்த ஊரில் பேக்கரி வந்தது. வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். மெர்வ் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தட்டா, க்ளென்?"

"வேணாம்."

"வெனிலா ஸ்லைஸ் இருக்கும் போல."

"இருக்கட்டும்."

அதற்கடுத்து ராட்சதப் பூசணி. வண்டியை ஊர்வதுபோல ஓட்டினார். பின்னால் வந்த கார்க்காரன் ஹார்ன் அடித்துவிட்டு, தாண்டிப் போகும்போது நடுவிரலைக் காட்டினான். க்ளெனிஸ் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசணி அவள் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் திரும்பியாவது பார்ப்பாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மெர்வுக்கு.

"சும்மா வாய்ச் சவடால், க்ளென்" என்றார் கடைசியில். "பசங்க சிரிக்கணும்னு ஏதோ உளறிட்டேன்."

"தெரியும்."

"பூரா கேட்டியா?"

"முப்பது வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், மெர்வ். நத்தைன்னு நீ சொன்னப்பல்லாம் பாத்திரம் தேச்சுக்கிட்டே நானும் சிரிச்சிருக்கேன். கிழவின்னு சொன்னே, பரவால்ல. கிழவிதான். தண்ணி வச்சிக்கிட்டுக் காத்துட்டிருப்பான்னு சொன்னே பாரு, அதுதான். அது என்னோட பேச்சு. ஒன்கிட்ட மட்டும் பேசினது. அத எடுத்துப் பொய்க்கு முட்டு குடுத்துட்டே."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மெர்வுக்கு இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

காரபிக்குக் கொஞ்சம் முன்னால், மரங்களுக்கு அடியில் லாரிகள் ஓய்வெடுக்கும் இடம். சட்டப்படி எடுத்தாக வேண்டிய ஓய்வு. அங்கே பச்சை லாரி நின்றது. அதன் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, ஊமையன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். சாலையில் வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெர்வின் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டது.

இழுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. க்ளெனிஸ் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள்.

"என்கூட வர்றது உனக்கு அவ்வளவு கேவலமாவா இருக்கு, மெர்வ்?" என்றாள். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

அவள்மேல் அவருக்குக் கேவலம் எதுவும் இல்லை, சத்தியமாக இல்லை. லாரியிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு கிழவனை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்பதுதான் அவருக்குக் கேவலம். அந்தக் கிழவனை மறைக்க, கைக்குக் கிடைத்த பெண்டாட்டியை எடுத்து முன்னால் நிறுத்திவிட்டார். இதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

சாலை வளைந்தது. வெங்காயம் தெரிந்தது. வெயிலில் நிறம் வெளுத்து, ஒரு பக்கம் சிமெண்ட் பெயர்ந்து, தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது.

"நிறுத்தாத. போ" என்றாள் க்ளெனிஸ்.

மெர்வ் நிறுத்தினார். இரண்டு வண்டிகள் நிற்கிற இடத்தைக் கோணலாக அடைத்துக்கொண்டு நிறுத்தினார். பின்னால் தள்ளிச் சரிசெய்ய அவளை இறங்கச் சொல்லும் முகம் அவருக்கு இல்லை. "இறங்கி வா, க்ளென்" என்றார். அவள் அசையவில்லை. நடுவில் கிடந்த கைரேடியோவை எடுத்துக்கொண்டு அவர் மட்டும் இறங்கினார். இந்தப் பயணத்தில் அவர் கால் தரையில் பட்ட முதல் வேடிக்கை இடம் அது.

வெங்காயத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வயதான மனிதர் ஒருவர் கையில் ரேடியோவோடு வந்து, எதுவும் சொல்லாமல் அடியில் நின்றதைப் பார்த்து, அவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். மெர்வ் பொத்தானை அமுக்கினார். எத்தனையோ ஆயிரம் தடவை அமுக்கிய பொத்தான். இன்றைக்கு விரல் வழுக்கியது.

"ஊமையா. இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் மெர்வ். காரபியில இருக்கேன். வெங்காயத்துக்கு அடியில. லோடெல்லாம் ஒண்ணும் இல்ல. லாரி லைசென்ஸும் இல்ல. கேரவன் இழுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன். காலையில கோழிகிட்ட ஊதாத் தொப்பி போட்டு உக்காந்திருந்தது என் பொண்டாட்டி. க்ளெனிஸ். வண்டிக்குள்ள கெடந்த நாய் நான்தான். அவ வீட்ல இல்ல. நான் பொய் சொன்னேன். நாப்பதுல இருக்கிற எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

பொத்தானை விட்டார். அப்புறம் யாரோ ஓர் இளவட்டக் குரல், "யாருப்பா அது, ரேடியோவுல பாவமன்னிப்பு கேக்கறது? சாமியார் பதினெட்டாம் சேனல்ல இருப்பாரு" என்றது. இரண்டு பேர் சிரித்தார்கள். மெர்வ் அதையும் வாங்கிக்கொண்டு நின்றார். அந்த மாதிரிச் சிரிப்பை அவர்தானே சொல்லிக்கொடுத்தார்.

"வாயை மூடுடா" என்று ஊமையன் அவனை அதட்டினான். பிறகு, "எனக்குத் தெரியும், மெர்வ்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கோழிகிட்ட வர்றப்பவே பாத்துட்டேன். கையாட்டினா. எத்தனை வருஷம் அவ கையால டீ குடிச்சிருக்கேன், எனக்கு அடையாளம் தெரியாதா? அவளுக்குத்தான் ஹார்ன் அடிச்சேன். நீ உள்ள குனிஞ்சு கெடந்ததையும் மேல இருந்து பாத்தேன். எனக்கே கூச்சமாப் போச்சு. அதான் ஒண்ணும் பேசல."

மெர்வ் வெங்காயத்தின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அது வெயிலில் கொதித்துக் கிடந்தது. அவர் மறைந்துகொண்டதாக நினைத்த நேரமெல்லாம் அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரியும். அவளைக் கேலி செய்தபோது சிரித்த அதே ஊமையனுக்குத்தான் அவள் கையாட்டியிருக்கிறாள்.

ரேடியோவில் இன்னொரு குரல் வந்தது. காரிலிருந்து. அணைத்து வைத்த வண்டி ரேடியோவை யாரோ போட்டிருக்கிறார்கள்.

"லாயிட், முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு, க்ளெனிஸ். மழைக்காலத்துல கடுக்குது."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"எங்க போறது? உங்க அக்கா வீட்டுக்கா கிளம்பிட்டீங்க?"

"ஆமா. வழியெல்லாம் பாத்துக்கிட்டே போறோம். கோழி நல்லா இருந்துச்சு. திரும்பி வந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு வா."

"வர்றேன், வர்றேன்."

அவர்கள் இன்னும் ஏதேதோ பேசினார்கள். மெர்வின் பேர் அதில் வரவேயில்லை. தன் கையிலிருக்கும் ரேடியோவில் தன் மனைவியும் தன் நண்பனும் பேசிக்கொள்வதைக் கேட்டபடி, வழியில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, அவர் வெங்காயத்துக்கு அடியில் நின்றார்.

கார்க் கதவு திறந்தது. க்ளெனிஸ் ஊதாத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேமராவோடு வந்தாள். அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்து அவர் கொஞ்சம் இடம் விட்டார். அவள் எதிரே, தூரத்தில் போய் நின்றாள். கேமராவைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள். பிறகு இறக்கினாள்.

"தொப்பிய எடு. மூஞ்சி தெரியணும்."

மெர்வ் தொப்பியை எடுத்தார். வெயில் வழுக்கைமேல் விழுந்தது. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சில ஹார்ன் அடித்தன. க்ளெனிஸ் அவசரமே படவில்லை. தொப்பி பிடித்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இன்னொண்ணு" என்றாள்.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், கோழிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி நிற்கிறார் மெர்வ். கண் இரண்டும் சிவந்திருக்கும். அடுத்து வந்த குளிர்காலம் முடியும்போது ஊமையன் சொன்னபடி வந்தான். தண்ணீர் குடிக்க உள்ளே போனவன் கையில் படத்தோடு வெளியே வந்து, முற்றத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் நடுவில் அதை வைத்தான்.

"ஏன் க்ளெனிஸ், சிமெண்ட் வெங்காயத்துக்குக்கூடவா கண்ணு எரியும்?"

"சில பேருக்கு எரியும்" என்றாள் க்ளெனிஸ்.

மெர்வ் எழுந்தார். இரண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கெட்டிலை நிரப்பி அடுப்பில் வைத்தார். ஜன்னலோரத்தில் பழைய ரேடியோ இன்னும் இருந்தது. வெளியே பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

"தண்ணி வச்சாச்சு, க்ளென்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். குரல் சரியாக எழும்பவில்லை. கேட்டிருக்காது என்று நினைத்தார்.

வெளியே பேச்சு நின்றது. க்ளெனிஸ் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மேஜைமேல் ஸ்பூனால் இரண்டு தரம் தட்டினாள். டக், டக்.

மெர்வ் தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.